நான் வாங்கிய ஒன்பது பவர் ஸ்கோப்

1. மேடம் வந்த முதல் நாள்

டாக்டர் தமயந்தி எங்கள் மருந்தகத்தில் சேர்ந்த அன்று, நாற்காலியில் உட்காரும் முன்பே பீரோவைத் திறக்கச் சொன்னார். ஜவ்வாது மலைமேல் ஒரு சின்னக் கால்நடை மருந்தகம் அது. நான் அங்கே ஆய்வாளர். தடுப்பூசி, சினை ஊசி, பதிவேடு, சாமான் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. புது டாக்டர் வந்தால் முதலில் டீ கேட்பார், அடுத்து பஸ் நேரம் கேட்பார். இவர் இரண்டையும் கேட்கவில்லை.

பீரோவின் அடித்தட்டில் பழைய லுங்கியில் சுற்றியபடி ஒரு மயக்க ஊசித் துப்பாக்கி இருந்தது. இதில் தோட்டா கிடையாது. மயக்க மருந்து நிரப்பிய ஊசியை கேஸ் அழுத்தம் தள்ளும், அது பறந்து போய் மாட்டின் மேல் தைக்கும். அந்த ஊசிக்கு டார்ட் என்று பெயர். கிட்டே போக முடியாத மாட்டைப் பிடிக்க வேறு வழியில்லை. மலை மாடு காட்டில் மேய்ந்து வளர்வது, ஊசியோடு ஆளைக் கண்டால் கொம்பைத்தான் காட்டும்.

மேடம் துப்பாக்கியைத் தோளில் வைத்து, மேலே மாட்டியிருந்த ஸ்கோப்பில், குறி பார்க்கிற அந்தக் கண்ணாடிக் குழாயில், கண்ணை வைத்தார். உடனே இறக்கிவிட்டார்.

"இதுல பூஞ்சைதான் தெரியுது. எத்தனை மழைக்காலம் பீரோவிலேயே கிடந்தது?"

"நான் வந்த நாள்ல இருந்து அங்கதான் மேடம் கீது" என்றேன்.

அவர் சிரித்தார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். நான்கு பவர், நாலு மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும். இருபது மீட்டரில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஜீரோ நிற்க வேண்டும், அதாவது ஒருமுறை குறியைச் சரிசெய்து வைத்தால் அது அசையாமல் இருக்க வேண்டும். மூன்றே வரி. வேலூரில் விசாரித்து வாங்கி வாருங்கள் என்றார்.

அந்த மூன்று வரியை நான் மதித்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

2. வேலூர்க் கடை

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாமான் வாங்குவதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. ஆபீஸ் மின்விசிறியிலிருந்து தடுப்பூசி ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் வரை நான்தான் போய் வாங்குவேன். கடைக்காரன் எதைத் தள்ளப் பார்க்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேனாம். இதை வீட்டில், ஆபீஸில், பஸ்ஸில் என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்பவர்களும் தலையாட்டினார்கள், அதுதான் கெடுத்தது.

ஏர் ரைஃபிளும் அதன் சாமான்களும் விற்கிற கடை அது. கடைக்காரர் இரண்டு ஸ்கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று நான்கு பவர். ஒல்லியாக, கறுப்பாக, சைக்கிள் பம்பு போல இருந்தது. டப்பாவில்கூடப் பெரிய படம் இல்லை. இன்னொன்று மூன்றிலிருந்து ஒன்பது பவர் வரை திருகிக்கொள்ளலாம். முன்பக்கக் கண்ணாடி டீ கிளாஸ் வாய் அளவு. உள்ளே கிராஸ் கோடு சிவப்பாகவும் பச்சையாகவும் எரியும். மூடி, துடைக்கிற துணி, துப்பாக்கியில் பொருத்துகிற மவுண்ட் எல்லாம் சும்மா. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

நான் பெரியதை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனேன். ஒன்பதில் திருகினேன். மூன்று தெரு தள்ளி ஒரு மாடியில் காய்ந்த லுங்கியின் கட்டம் தெரிந்தது. க்ளிப்பு எத்தனை என்றுகூட எண்ணிவிட்டேன்.

"சார், நீங்க மாட்டுக்குன்னு சொன்னீங்களே" என்றார் கடைக்காரர். "கிட்ட வச்சி அடிக்கறதுக்கு இந்த நாலு பவர்தாங்க சரி. அது பாக்கறதுக்கு ஷோக்கா இருக்கும். வண்டியில எடுத்துனு போய் வந்தா ஜீரோ நிக்காது. ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க."

எந்தக் கடைக்காரன் தன் சரக்கைப் பற்றி இப்படிப் பேசுவான்? அந்த மனிதர் அவ்வளவு நேர்மையாகப் பேசியதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நான்கு பவர் டப்பாவின் மேல் தூசி இருந்ததை நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். பழைய சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முடிவு செய்தேன்.

"நாங்க இன்னா மலையில இருந்து வந்தா ஏமாந்தவங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அப்டி இல்லீங்க. உங்க இஷ்டம்" என்று பில் போட்டார்.

மலைக்கு ஏறும் பஸ்ஸில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டதும் திறந்தே காட்டினேன்.

3. முதல் பொய்

மேடம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கேட்டது நாலு பவர்தானே?"

"அது ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க மேடம். இதுதான் கெடச்சது. அதவிட இது பெரிசு."

யோசிக்காமல் வாயில் வந்த பொய். ஆசைப்பட்டு வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். எனக்குத் திட்டு வாங்கப் பழக்கமில்லை.

மருந்தகத்துக்குப் பின்னால் மேடம் அட்டை ஒன்றை நட்டார். இருபது மீட்டரில் ஒன்பது பவர் வைத்துப் பார்த்தால் அட்டையே கலங்கித் தெரிந்தது. மூன்று பவருக்குக் குறைத்து, அது நகராமல் இருக்கப் பிளாஸ்திரி சுற்றினார். நான் பெருமையாக வாங்கி வந்த ஆறு பவர் அந்தப் பிளாஸ்திரிக்குள் போனது. தண்ணீர் நிரப்பிய டார்ட்டுகளை வைத்துச் சுட்டு, ஸ்கோப்பின் பக்கவாட்டில் குறியை நகர்த்துகிற நாப்பைத் திருகித் திருகி ஜீரோ பிடித்தார். கடைசி மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. நல்ல கை அவருக்கு. சுடும்போது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

"வாரம் ஒரு தடவை ரெண்டு டார்ட் விட்டுப் பாருங்க சார். ஜீரோ நகர்ந்தா உடனே எங்கிட்ட சொல்லுங்க. இது உங்க பொறுப்பு" என்று ஒரு நோட்டையும் கொடுத்தார். வயதில் நான் மூத்தவன் என்பதால் கடைசிவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.

முதல் இரண்டு வாரம் சரியாக இருந்தது. பிறகு ஒரு முகாமுக்காகத் துப்பாக்கியை ஜீப்பில் போட்டுத் திருப்பத்தூர் வரை இறங்கி ஏறினோம். அடுத்த திங்கட்கிழமை சுட்டுப் பார்த்தேன். டார்ட் ஒரு சாண் வலப்பக்கம் போய்த் தைத்தது.

கடைக்காரர் சொன்னது அப்படியே நடந்திருந்தது. மேடத்திடம் சொன்னால் கடைக்குத் திருப்பி அனுப்புவார். கடையில் கேட்டால், நான்கு பவரை எடுத்துக் காட்டியும் நான் வேண்டாம் என்றது வெளியே வரும். நான் நாப்பைத் திருகி ஜீரோவைத் திரும்பப் பிடித்தேன். நோட்டில் 'சரி' என்று எழுதினேன். இப்படி இன்னொரு முறையும் நடந்தது. அப்போதும் 'சரி' என்றுதான் எழுதினேன்.

4. வெள்ளையனின் மயிலை

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் வெள்ளையன் என்று ஒருவர். கொஞ்சம் சாமை, நாலைந்து புளியமரம், ஒரு காளை. அந்தக் காளைக்கு மயிலை என்று பெயர். அடிவாரத்து எருது விடும் விழாக்களில் ஓடிப் பெயர் வாங்கிய காளை. வெள்ளையனும் அவர் மனைவி சென்னம்மாவும் அதற்குத் தீனி வைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

ஒரு விழாவில் மயிலை ஓடி முடித்த பிறகும் நிற்காமல், வேலியை மோதிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத் தானாகவே மலையேறி ஊர் எல்லைக்கு வந்தது. முன்னங்காலில் வேலிக்கம்பி இறுகிச் சதையை அறுத்துக்கொண்டிருந்தது. வலியில் யாரையும் கிட்டே விடவில்லை. வெள்ளையனையே தூக்கிப் போட்டது. கம்பியை எடுக்காவிட்டால் கால் அழுகிவிடும், அழுகினால் காளை அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஆள் வந்து சொன்னதும் ஜீப்பில் புறப்பட்டோம். பாதை முழுக்கக் கல். துப்பாக்கிப் பெட்டி என் காலடியில் குதித்துக்கொண்டே வந்தது.

"இந்த வாரம் பாத்தீங்களா சார்?" என்று மேடம் கேட்டார்.

"பாத்தேன் மேடம். சரியா கீது."

திங்கட்கிழமை பார்த்தது உண்மை. பார்த்தபோது ஒரு சாண் விலகியிருந்ததும், அதை நான் திருகிச் சரிசெய்ததும் உண்மை. ஜீப் குதிக்கிற ஒவ்வொரு குதிப்புக்கும் அது மறுபடி நகரும் என்று எனக்குத் தெரியும். 'மேடம், அங்க போனதும் ஒரு டார்ட் விட்டுப் பாத்துடலாம்' என்று சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

மயிலை சாமைக் கொல்லையைத் தாண்டி, ஒரு பாறைச் சரிவுக்கு இப்பால் நின்றது. சென்னம்மா தூரத்தில் நின்று, "வாடா சாமி, வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரலுக்கு மட்டும் அது காதை அசைத்தது.

மேடம் சரிவைப் பார்த்துத் தயங்கினார். வெள்ளையனிடம், "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வர வைக்க முடியுமா?" என்று கேட்டார். தவிட்டுக் கூடையைக் காட்டிப் பத்தடி இழுத்தார்கள். அதற்கு மேல் வரவில்லை. இருபது மீட்டர் இருக்கும். காளை பக்கவாட்டில் நின்றது, தலை வலப்பக்கம், பின்தொடை இடப்பக்கம். தொடைச் சதையில் தைத்தால் சில நிமிடத்தில் நின்ற இடத்திலேயே மடங்கிப் படுத்துவிடும்.

மேடம் மூச்சை அடக்கிச் சுட்டார்.

டார்ட் தொடைக்கு ஒரு சாண் வலப்பக்கம், வயிற்றில் போய்த் தைத்தது. அந்த ஒரு சாண் எனக்கு முன்பே பழக்கம்.

வயிற்றில் ஊசி தைத்த காளை துள்ளிக் கிளம்பிச் சரிவுப் பக்கம் ஓடியது. மருந்து பாதி ஏறியும் ஏறாமலும் கால் பின்னியது. பாறையில் குளம்பு வழுக்கியது. நாங்கள் கீழே இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது மயிலையின் முதுகெலும்பு முறிந்திருந்தது. மேடம் அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் முன்னங்காலில் இருந்த கம்பியை வெட்டி எடுத்தார்.

மேலே வந்ததும் சென்னம்மா இரண்டு கையாலும் மண்ணை வாரி மேடத்தின் மேல் வீசினார். "எங்கொழந்தைய கொன்னுட்டியே! நீ நல்லா இருப்பியா? உங்கையி விளங்குமா?" என்று கத்தினார். எங்கள் பக்கம் மண்ணை வாரி விடுவதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. கூட்டத்தில் ஒருவர், "பொம்பளைக்கு இன்னாத்துக்கு துப்பாக்கி?" என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

மேடத்தின் தலைமுடியில், காதோரத்தில் மண். துடைத்துக்கொள்ளாமல் நின்றார். துப்பாக்கிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் சட்டையில் ஒரு துளி மண்கூடப் படவில்லை.

5. விசாரணை

அடுத்த வாரம் மேலதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

"குறி எப்படிம்மா தவறுச்சு?"

"நான்தான் சார் சுட்டேன். பொறுப்பு என்னுது" என்றார் மேடம்.

அவர் என் பக்கம் திரும்பினார். "துப்பாக்கி, ஸ்கோப்பு எல்லாம் ஒழுங்காத்தானே இருந்தது?"

அந்த அறையில் மூன்றே பேர். மேடம் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, சும்மா பார்த்தார்.

"எல்லாம் சரியா இருந்ததுங்க சார்" என்று நோட்டை எடுத்து நீட்டினேன். வாரா வாரம் என் கையெழுத்தில் 'சரி'. அவர் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

சுட்டவரின் பயிற்சிக் குறைவு என்று எழுதினார்கள். ஒரு மாதத்தில் மேடத்தைத் தூரத்து மாவட்டம் ஒன்றில் ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். மலை மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தவரைப் புள்ளிவிவரம் எழுத உட்கார வைத்தார்கள். வழியனுப்புக்கு நான்தான் மாலை வாங்கி வந்தேன். அதையும் பேரம் பேசித்தான் வாங்கினேன்.

6. ஸ்கோப் வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் மலிவில் ஸ்கோப் வாங்குவது எப்படி என்று என்னைக் கேட்கிறார்கள். என்னைப் போய்க் கேட்கிறார்களே என்று கூசினாலும், தெரிந்ததைச் சொல்கிறேன். மலிவு தப்பில்லை. ஆனால் அந்த விலையில் உங்கள் பணம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். பவருக்கும் கலர் விளக்குக்கும் போனால் ஜீரோவைப் பிடித்து நிறுத்துகிற உள் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. அதே விலைக்குப் பவர் மாறாத ஒல்லி ஸ்கோப் கிடைத்தால் பெரும்பாலும் அதுதான் உழைக்கும்.

கடை வாசலில் நின்று தூரத்து மாடியைப் பார்க்காதீர்கள். நீங்கள் எத்தனை மீட்டரில் சுடுவீர்களோ அத்தனை மீட்டரில் ஒரு தாளை ஒட்டிப் பாருங்கள். வாங்கிய பிறகு மேல் நாப்பை இருபது க்ளிக் ஏற்றுங்கள், பக்கத்து நாப்பை இருபது க்ளிக் தள்ளுங்கள், அதே கணக்கில் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்து சுடுங்கள். முதலில் விழுந்த இடத்திலேயே விழ வேண்டும். பிறகு ஜீப்பில் போட்டு ஒரு சுற்று போய் வந்து மறுபடி சுடுங்கள். நகர்ந்திருந்தால் அது என்ன விலையானாலும் குப்பை. கடைக்காரர் தன் சரக்கில் ஒன்றை வேண்டாம் என்றால் காது கொடுங்கள்.

7. அட்டை

ஆறு வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற வாரம், பொறுப்பை ஒப்படைக்க பீரோவைக் காலி செய்தேன். பழைய தடுப்பூசிப் பதிவேடுகளுக்குப் பின்னால் மடித்த அட்டை ஒன்று இருந்தது. அதில் ஆறு ஓட்டை. முதல் ஓட்டை நடுவில், அடுத்தடுத்தவை கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தன. கீழே மேடத்தின் கையெழுத்து. 'இருபது மீட்டர். ஜீரோ பிடித்தபின் நாப்பைத் தொடவில்லை. ஜீப்பில் ஒவ்வொரு சுற்று போய் வந்தபின் ஒவ்வொரு டார்ட். ஜீரோ நிற்கவில்லை.' தேதியைப் பார்த்தேன். மயிலை செத்த மறுநாள்.

விசாரணை நடந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து. அந்த அறையில் என்னைப் பார்த்தபோதே, நான் எழுதிய 'சரி' பொய் என்று மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என்னை மாட்டிவிடாமல், நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்திருக்கிறார். நான் நோட்டை நீட்டினேன். அந்த பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு அசிங்கமாக என்னை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

அன்றைக்கே மேடத்துக்குப் போன் செய்தேன். கடையில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஏன் மேடம் அன்னிக்கே அட்டையைக் காட்டல?"

"சுட்டவ நான். நான் சொன்னா சாக்கு சொல்றேன்னுதான் எழுதுவாங்க. நீங்க சொன்னாதான் நம்புவாங்க சார்." பிறகு, "சென்னம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுவது சுலபமாக இருந்தது. மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறத்தான் ஒரு வாரம் ஆனது.

வெள்ளையன் கொல்லைக்குப் போயிருந்தார். சென்னம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். மண்ணை வாரி என் மேல் விடுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் அதைத்தான் வேண்டியும் வந்திருந்தேன், விட்டால் கணக்குத் தீரும் என்று.

அவர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த புளியை வைத்துவிட்டு எழுந்தார். முகமெல்லாம் மாறிவிட்டது.

"அப்ப அந்தம்மா மேல தப்பே இல்லியா? ஆறு வருசமா சாமி கும்புடறப்பல்லாம் அந்தம்மா கையி விளங்கக் கூடாதுன்னு கேட்டுனு கீறனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "நம்பர் போட்டுக் குடு சார். இப்பவே போடு."

போட்டுக் கொடுத்தேன். மேடம் எடுத்ததும் சென்னம்மா ஓவென்று அழுதார். "யம்மா, நான் மயிலை வூட்டு சென்னம்மா. தெரியாம பண்ணிட்டேம்மா, மன்னிச்சிடும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மை தெரிந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு தப்பும் செய்யாதவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

பேசி முடித்ததும் போனை என் கையில் கொடுத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் கிளம்பும்போது திரும்பியும் பார்க்கவில்லை.